எந்த பாஷையில் எண்ணினேன்

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஒன்று செய்து பார்க்கலாம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். இடையில் மூச்சு வாங்காமல், வாய்விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போங்கள். எங்கே மூச்சு முடிகிறதோ அதுதான் உங்கள் எண். நன்றாக இருக்கிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பதைச் சிரமமில்லாமல் தாண்டிவிடுவார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் என் எண் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் சாயங்காலம் அது என்னவாக இருந்தது, அதை நான் எப்படி மறைத்தேன், யார் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வலது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஒரு பத்தி எழுதினால் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் எழுத்து அங்கங்கே விட்டுவிட்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இசக்கிமுத்து. அப்பா சுடலைமணி, சாலை பஜாரில் தானியக் கடைகளுக்கு லோடு இறக்குகிறவர். பதினாறு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் திருவனந்தபுரத்தில்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். இப்போது எம்.ஏ. உளவியல் கடைசி வருஷம். அம்மா அப்பளம் உருட்டும் வேலைக்குப் போகிறாள். உளவியல் என்றால் என்ன என்று அவளிடம் அக்கம்பக்கத்தில் கேட்டால், "மனசுக்கு டாக்டராட்டம், ஊசி போடமாட்டான்" என்பாள்.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் இது: தன் வாழ்க்கையில் நடப்பது தன் செயலால் நடக்கிறது என்று ஒருவர் நினைக்கிறாரா, அல்லது விதி, அதிர்ஷ்டம், பெரிய மனிதர்கள் என்று வெளியே இருக்கிற ஏதோ ஒன்றால் நடக்கிறது என்று நினைக்கிறாரா? அந்த நினைப்பு அவர் நடந்துகொள்ளும் விதத்தை எப்படி மாற்றுகிறது? இதை அளக்க வினாத்தாள்கள் உண்டு. இரண்டு வாக்கியங்கள் கொடுத்து, எது உங்களுக்குச் சரியாகப் படுகிறது என்று கேட்க வேண்டும். நானே தமிழில் ஒன்று தயாரித்து, சாலையில் லோடு இறக்குகிறவர்களிடம் கொண்டுபோனேன். பாதிப் பேர் "ரெண்டும் சரிதானே தம்பி" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா மட்டும் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "நம்ம கையில என்னல இருக்கு." நானும் சும்மா நிரப்பிப் பார்த்தேன். எல்லாம் என் கையில் என்று வந்தது. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நோய் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. அதற்குப் பத்து நாள் முன்னால் வயிற்றுப்போக்கு வந்து, தானாக நின்றிருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் காலையில் பழவங்காடி கோயில் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தபோது பூ விற்கும் அக்கா கூப்பிட்டாள்.

"ஏ தம்பி, ஒத்தச் செருப்போட எங்க போற? நேர்ச்சையா?" வேண்டுதலா என்கிறாள்.

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். நடுரோட்டில் கிடந்தது. அதைச் சுற்றி ஆட்டோக்கள் வளைந்து போய்க்கொண்டிருந்தன. மாட்டிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் இரண்டு பாதமும் பஞ்சு மேல் வைத்தது போல இருந்தது. மறுநாள் மாடிப்படி ஏறக் கைப்பிடியை இழுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் காலை கக்கூஸில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை.

அப்பா கதவை நெம்பித் திறந்து, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார்.

"அம்பது கிலோ தேறுவியால நீ? இவ்வளவு படிச்சும் ஒடம்புல ஒண்ணும் சேரலயே" என்றார். அவருக்குப் பயம் வந்தால் கிண்டல் வரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அம்மா சின்னச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாக உதற வேண்டும். உதறவில்லை. இன்னொரு கால். அதுவும் இல்லை. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் இல்லாதபோது அவர் முகம் கூர்மையாகிக்கொண்டே வந்தது. பிறகு முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதற்கு இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். வலியைவிட அசையாமல் இருப்பதுதான் கஷ்டம். அடுத்தது நரம்புப் பரிசோதனை. காலில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று திரையில் பார்ப்பார்கள். என் நரம்புகளில் செய்தி, தம்பானூர் சிக்னலில் மாட்டிய பஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

நோயின் பெயர் இரண்டு வெளிநாட்டு டாக்டர்களின் பெயர். சுருக்கமாக ஜி.பி.எஸ். என்கிறார்கள். டாக்டர் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டு விளக்கினார். கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்புகிறது. என் விஷயத்தில் அந்த வயிற்றுப்போக்குக் கிருமி. கிருமி போன பிறகும் படை ஓயாமல், நரம்பின் மேலுறையைப் பார்த்து அதுவும் கிருமி என்று தவறாக நினைத்து உரிக்க ஆரம்பிக்கிறது. ஒயரின் மேல் பிளாஸ்டிக் போனால் கரண்டு ஒழுங்காகப் போகாது அல்லவா, அதுபோல. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலானவர்களுக்கு ஏறி, நின்று, பிறகு மெல்ல இறங்கிவிடும். எவ்வளவு உயரம் ஏறும் என்பதுதான் முதலில் தெரியாது. நெஞ்சுக்கு ஏறினால் மூச்சுத் தசைகள் தளரும்.

"நான் என்ன தப்பு செய்தேன் டாக்டர்?" என்று கேட்டேன். எந்தச் சாப்பாடு, எந்தத் தண்ணீர், எந்தப் பழக்கம்.

"நீ ஒந்நும் செய்திட்டில்லா" என்றார். நீ ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு அப்பாவின் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். அவருக்கு அது ஆறுதல். எனக்கோ அதைவிடப் பயங்கரமான வாக்கியம் வேறு இல்லை. ஒரு தப்பு செய்திருந்தால் அதைத் திருத்தலாம். ஒன்றுமே செய்யாதவன் எதைத் திருத்துவான்? ஒரே வாக்கியம் ஒரே கட்டில் பக்கத்தில் இருந்த இரண்டு பேரை எதிரெதிர்ப் பக்கம் தள்ளியதை அந்த நிலையிலும் வினோதமாகக் கவனித்தேன். எழுதி வைக்கக் குறிப்புப் புத்தகம் வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகூடத் தங்குகிறவருக்கு 'பைஸ்டாண்டர்' என்று பெயர். ஒலிபெருக்கியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவின் கழுத்தில் அந்தப் பெயர் போட்ட பாஸை மாட்டிவிட்டார்கள்.

"அப்படின்னா என்னல?"

"பக்கத்துல நிக்கிறவர்ப்பா. வேடிக்கை பாக்கிறவர்னும் சொல்லலாம்."

"சும்மா நிக்கிறதுக்கா இவ்வளவு பெரிய அட்டை?" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையில் சும்மா கிடந்தது நான். ரத்தக் குப்பியை லாபுக்குக் கொண்டுபோனது, ரிசல்ட் வாங்கியது, விலை கூடிய மருந்துக்கு அரசு காப்பீட்டு அட்டையில் அனுமதி வாங்க மூன்று ஜன்னல்களுக்கு நடந்தது எல்லாம் அவர். அந்த அனுமதி வரும்வரை அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

அந்த மருந்து, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு புரதம். ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் உடனே நோய் நின்றுவிடாது, சில நாள் மேலே ஏறிவிட்டுத்தான் நிற்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் சுகுமாரன் அண்ணன். பஸ் டிரைவர். முதுகெலும்பு அமுங்கி வலது காலில் உணர்ச்சி போயிருந்தது. ஃபேன் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதில் வார்டு முழுவதோடும் சண்டை போடுவார்.

"வேறொருத்தன் ஓட்டுற வண்டியில நான் ஏறினா, இந்தக் கால் தரையில பிரேக் மிதிச்சுண்டே இருக்கும். மிதிச்சா வண்டி நிக்காது. எனக்கும் அறியாம். ஆனா மிதிக்காம இருக்கான் பற்றில்லா" என்றார் ஒருமுறை, தன் மலையாளத்தில் எனக்காகக் கொஞ்சம் தமிழைக் கலந்து. தெரிந்தும் மிதிக்காமல் இருக்க முடியவில்லையாம். "இப்போ பிரேக்கும் போயி. அதான் ஃபேனைப் பிடிச்சிருக்கேன்."

லிஸி சிஸ்டர் ஊசி போட வரும்போது ஒவ்வொருவரிடமும் "ஏது கை?" என்று கேட்பார். எந்தக் கையில் வேண்டும்? இரண்டு கையும் ஒன்றுபோலத் துளைபட்டுக் கிடக்கும் ஆளிடமும் கேட்பார். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "குத்தறது நான். அதை மாற்றான் முடியாதுல்லே. கையையாவது நீ சொல்லு" என்றார். கேட்காமல் குத்தினால் நோயாளிகள் கையை இழுத்துக்கொள்கிறார்களாம், கேட்டுவிட்டுக் குத்தினால் நீட்டுகிறார்களாம். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். சும்மா கிடப்பதற்கும் சின்ன ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிடப்பதற்கும் உடம்புக்கே வித்தியாசம் தெரிகிறது.

எனக்கு ஃபேன் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த எண்.

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை டாக்டரோ சிஸ்டரோ வந்து மூச்சிழுத்து எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசைகளின் பலத்தைக் கருவி இல்லாமல் அறிய இது ஒரு வழி. இருபதுக்குக் கீழே போனால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, தேவைப்பட்டால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு மிஷினில் வைப்போம் என்றார் டாக்டர். முதல் நாள் நான் மலையாளத்தில்தான் எண்ணினேன். கேட்டவர் மலையாளத்தில் கேட்டார், பள்ளிக்கூடத்தில் எண்ணப் படித்ததும் அதில்தான். முப்பத்தொன்று. இரண்டாம் நாள் காலை இருபத்தேழு. சாயங்காலம் இருபத்திநாலு.

பரீட்சைகளால் மட்டுமே மேலே வந்தவனிடம் ஒரு எண்ணைக் கொடுத்து, இதற்குக் கீழே போகாதே என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? பாஸாகப் பார்ப்பான். அது என் மூச்சை அறிவதற்கான எண் என்பது எனக்கு மறந்துவிட்டது. என் மார்க்காகிவிட்டது. ஐ.சி.யூ. என்பது ஃபெயில். எப்படி மார்க்கைக் கூட்டலாம் என்று படுத்தபடியே யோசித்தேன். அந்த யோசனை எனக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டு நாளில் முதல்முறையாக என் கையில் ஏதோ இருந்தது.

கண்டுபிடித்தேன். மலையாளத்தில் இருபத்தொந்நு, இருபத்திமூந்நு என்று ஒவ்வொன்றும் நீளம். இங்கிலீஷில் ஒன், டூ, த்ரீ. பத்து வரை ஏறக்குறைய ஒரு தட்டு, ஒரு எண். பன்னிரண்டுக்கு ட்வெல்வ், ஒரே மூச்சுத் துணுக்கு. அதே காற்றில் நாலைந்து எண் கூடுதலாகப் போகலாம்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்தார். இங்கிலீஷில் எண்ணினேன், கொஞ்சம் வேகமாகவே. இருபத்தாறு.

"கொள்ளாம், கூடியிட்டுண்டல்லோ" என்றார் டாக்டர். பரவாயில்லையே, கூடியிருக்கிறதே. சார்ட்டில் எண்ணை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எத்தனை பரீட்சைகள் எழுதியிருக்கிறேன், காப்பியடித்து மாட்டாமல் வந்தவனின் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று அம்மா கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அதற்கு முன்னால் என் கால் நகங்களை வெட்டிவிட்டாள். எனக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு நகத்துக்கும் "வலிக்காய்யா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினாள். கஞ்சி இரண்டாவது வாயிலேயே தொண்டையில் நின்றது. பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பேசும்போது குரல் மூக்கு வழியாக வந்தது. ஜலதோஷம் என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். அம்மா நம்பிக் கிளம்பிப் போனாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இருபத்திமூன்று, இங்கிலீஷில். நாலு மணிக்கு லிஸி சிஸ்டர் வந்தார். எண்ணினேன். இருபத்தொன்று வரை வந்ததே எனக்கு ஆச்சரியம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் எழுதப் போனார்.

"சிஸ்டரே, ஒரு மினிட்டு" என்றார் அப்பா. எழுந்து நின்றிருந்தார். அவர் மலையாளம் சாலை பஜார் மலையாளம். பாதி தமிழ்தான். "இவன் பாஷை மாத்தி எண்ணுனு. ஆதியம் மலையாளம். இப்போ இங்கிலீசு. அது சரியாவுமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா, சும்மா இருங்க. உங்களுக்கு இங்கிலீஷே தெரியாது."

"இங்கிலீசு தெரியாதுல. சத்தம் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "முப்பத்தஞ்சு வருசமா மூட்டை தூக்குறேன். பலகையில ஏறும்போது ஏலேலோன்னு இழுத்துச் சத்தம் குடுப்போம். ஒருத்தன் அன்னைக்கு ஏலேன்னு வெட்டிச் சத்தம் குடுத்தான்னு வையி, அவனுக்கு மூட்டை தாங்கலன்னு அர்த்தம். வாய் தொறந்து சொல்ல மாட்டான். நாங்கதான் எறக்கச் சொல்லணும். பாதிப் பலகையில அவன் விழுந்தா, கீழ நிக்கிறவன் மேலயும்தான் விழும்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"முத்தூ, மலையாளத்தில் ஒந்நு எண்ணிக்கே."

மூச்சு இழுத்தேன். பதினாலில் நின்றது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் ஓடி வந்தார். சார்ட்டைப் பார்த்து, தலையில் கை வைத்து, "பாஷையை யாரும் எழுதலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அந்த வார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் பாஷையும் எழுதுகிறார்களாம். ஸ்ட்ரெச்சர் வந்தது. சுகுமாரன் அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "போயிட்டு வாடே. ஃபேனை நீ சொல்ற ஸ்பீடுல வைக்கேன்" என்றார். நான் அப்பாவைப் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் சொன்னீங்க?" என்று லிஃப்டில் கேட்டேன். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"நீ சொல்லமாட்டே. அதான்."

ஐ.சி.யூ. வாசலில் சம்மதப் பத்திரம். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. சு எழுதி, ட எழுதி, நிறுத்தி டாக்டரிடம் கேட்டார்:

"மிஷின் வெச்சா, இவன் சும்மா கெடந்தா மதியோ?" போதுமா என்கிறார்.

"மதி" என்றார் டாக்டர். "இப்போ இவன்டே ஜோலி அது மட்டும்தான்."

ஜோலி என்றால் வேலை. சும்மா கிடப்பதே வேலை. கையெழுத்தை முடித்தார்.

குழாய் போட்டது எனக்கு நினைவில்லை, மயக்கத்தில் போட்டார்கள். மறுநாள் நினைவு வந்தபோது கழுத்துக்குக் கீழே எதுவும் என் சொல் கேட்கவில்லை. பேச முடியாது. மூச்சுகூட நான் விடவில்லை, மிஷின் விட்டது. நான் இழுக்க நினைப்பதற்கு முன்பே காற்று உள்ளே வந்துவிடும். முதல் நாள் அதோடு சண்டை போட்டேன். நானே இழுப்பேன் என்று முட்டினால் மிஷின் கத்தும், சிஸ்டர் ஓடி வருவார். எனக்குள் ஒருவன் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் யோசித்தேன், வார்டில் அந்த மூன்றாம் நாள் முழுக்க நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று. எண்ணைத் திருத்தினேனே தவிர மூச்சை ஒரு துளிகூட என்னால் கூட்ட முடியவில்லை. 'எல்லாம் என் கையில்' என்று வினாத்தாளில் குறித்தவன் நான். அந்த நினைப்புக்கு ஆபத்து வந்ததும், நிஜமாக என் கையில் இருந்த ஒரே காரியத்தை, 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று சொல்வதை, நான் செய்யவில்லை. 'நம் கையில் என்ன இருக்கு' என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மனிதர் எழுந்து நின்று அதைச் செய்தார். இதை என் கட்டுரையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்க வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் அப்பா முகமூடியும் பச்சை அங்கியும் போட்டுக்கொண்டு வருவார். சிஸ்டர்கள் வைத்திருந்த எழுத்து அட்டை மலையாளத்தில் இருந்தது, அது அவருக்கு ஆகவில்லை. அவரே ஒன்று ஏற்படுத்தினார்.

"ஒரு தடவ கண்ணைச் சிமிட்டினா ஆமா. ரெண்டுன்னா இல்ல. மூணுன்னா, போதும் எந்திரிச்சுப் போப்பான்னு அர்த்தம். சரியா?"

மூன்று தடவை சிமிட்டினேன்.

"அப்படியெல்லாம் போகமுடியாது. பைஸ்டாண்டராக்கும்" என்று அங்கேயே நின்றார். அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில்தான் உடைந்தது என்று நினைக்கிறேன். சிரிக்கக் கன்னம் ஒத்துழைக்கவில்லை. பிறகு டாக்டரும் சிஸ்டர்களும்கூட அந்தச் சிமிட்டல் கணக்கையே எடுத்துக்கொண்டார்கள்.

நாட்கள் போயின. ஒரு காலை இடது கட்டைவிரல் அசைந்தது. பிறகு மணிக்கட்டு. ஏறிய நோய் இறங்க ஆரம்பித்திருந்தது. மொத்தம் பதினோரு நாள் மிஷினில் இருந்தேன். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். முன்பு போல ஆக இன்னும் சில மாதங்கள் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் குழாய் எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு இரண்டு நாள் முந்தைய காலையைத்தான் சொல்ல வேண்டும்.

குழாயை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. குழாயைத் தொண்டையிலேயே விட்டுவிட்டு, மிஷினை மட்டும் கழற்றி, அரைமணி நேரம் தானாக மூச்சு விடச் சொல்வார்கள். தாங்கினால் குழாயை எடுப்பார்கள். அவசரப்பட்டு எடுத்து, பிறகு தாங்காமல் போனால், திரும்பக் குழாய் போட வேண்டும். இரண்டாவது தடவை போடுவது முதல் தடவையைவிட ஆபத்து. டாக்டர் இதையெல்லாம் விளக்கிவிட்டு மிஷினைக் கழற்றினார். முதல் பத்து நிமிடம் என் மூச்சு எனக்கே இனித்தது. இருபதாவது நிமிடம் விலா எலும்புகளுக்கு நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. திரையில் எண்கள் நன்றாகவே இருந்தன. டாக்டர் அவற்றைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம். பல்லைக் கடித்தால் பாஸ்.

"புத்திமுட்டுண்டோ?" என்று கேட்டார். சிரமமாக இருக்கிறதா?

அவருக்கு என் எண்கள் தெரியும். உள்ளே இருக்கும் அந்த முழங்கால் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு தடவை சிமிட்டினால் குழாய் வெளியே வந்துவிடும்.

ஒரு தடவை சிமிட்டினேன்.

டாக்டர் ஏமாற்றம் எதையும் காட்டவில்லை. "ஓகே, நாளைக்கும் நோக்காம்", பார்க்கலாம் என்று சொல்லி மிஷினைத் திரும்ப மாட்டினார். காற்று வந்தது. அதைக் கேட்டு வாங்கியவன் நான் என்பதால் அன்று அதோடு சண்டை போடவில்லை.

மத்தியானம் அப்பா வந்தார். குழாய் இன்னும் இருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னைக்கு எடுத்துருவாங்கன்னாங்களே சிஸ்டரே?"

"எண்கள் எல்லாம் ஓகே. இவன்தான் பறஞ்ஞது, கஷ்டமாணு" என்றார் ஐ.சி.யூ. சிஸ்டர்.

"யாரு, இவனா சொன்னான்?"

"அதே" என்று தலையாட்டினார்.

கட்டில் பக்கத்தில் வந்து குனிந்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். "நீயால சொன்னே?"

ஒரு தடவை சிமிட்டினேன்.

என் போர்வையை இழுத்துக் கால் வரை சரி செய்தார். "அப்ப சரி" என்றார். வெளியே போனார்.

என்னை உள்ளே கொண்டுவந்த நாள் முதல் அப்பா ஐ.சி.யூ. கதவை விட்டு நகரவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா கொண்டுவருவதைக் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவாராம். தூங்கவும் அங்கேதான். அன்றைக்கு மட்டும் படி இறங்கி, ரோட்டைக் கடந்து, ஒரு ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்து, முழுச் சாப்பாடு சாப்பிட்டாராம். மோருக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டாராம்.